மருத்துவர் அளந்த வீணை

 

இன்றைய பேச்சின் பொருள், படித்த துறையை விட்டு வேறொரு துறையில் ஆய்வு செய்வது. வேதியியல் படித்தவர் கல்வெட்டைத் தொடலாமா? தமிழாசிரியர் சோழர் வரலாறு எழுதலாமா? மருத்துவர் இசையிலக்கணம் பேசலாமா? ஆண்டுதோறும் இந்தக் கேள்விகள் பல்கலைக்கழக அலுவலகங்களில் விண்ணப்பப் படிவங்களாக வந்து மேசைமேல் விழுகின்றன. முதுகலையில் படித்த பாடம் என்று ஒரு கட்டம். ஆய்வு செய்ய விரும்பும் பொருள் என்று இன்னொரு கட்டம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுத்தர் நிமிர்ந்து பார்க்கிறார். துறைத் தலைவரைப் பாருங்கள் என்கிறார். துறைத் தலைவர், அந்தத் துறைக்காரரைப் பாருங்கள் என்கிறார். அந்தத் துறைக்காரரோ, நீங்கள் எங்கள் பாடம் படிக்கவில்லையே என்கிறார்.

அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அரைகுறையாகப் படித்துவிட்டு ஆயிரம் பக்கம் எழுதுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. ஆனால் வேறு எந்த ஊரில் இந்தத் தயக்கம் எழுந்தாலும் தஞ்சாவூரில் எழுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏனென்றால் இந்த ஊரின் அறிவு வரலாற்றில் பாதி, துறை மாறியவர்கள் எழுதியது.

அரசர் ஒருவர் கண் நோயாளிகளின் குறிப்பேடு வைத்திருந்த ஊர் இது. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் தன்வந்திரி மகாலில் வைத்தியம் பார்க்கப்பட்டது. வந்த நோயாளியின் கண்ணைப் படமாக எழுதி, நோயின் நிலையையும் செய்த சிகிச்சையையும் குறித்து வைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. ராஜாவுக்கு எதற்கு இந்த வேலை என்று அன்றைக்கும் சிலர் கேட்டிருப்பார்கள்.

மன்னரை விடுவோம். மன்னருக்கு எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை. ஒரு பள்ளி ஆசிரியரிடம் வருவோம்.

ஆபிரகாம் பண்டிதர். அவர் பெயரில் இந்த ஊரில் ஒரு சாலை இருக்கிறது. அதில் தினமும் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்? 1859-இல் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியரானார். வயலின் கற்றதும் அங்கேதான். 1883-இல் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளோடு தஞ்சைக்கு வந்தார். லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் அம்மையார் தலைமையாசிரியை, இவர் ஆசிரியர். சித்த மருத்துவத்தில் ஏற்கெனவே பயிற்சி உண்டு. சுருளிமலையில் கண்ட கருணானந்தர் என்ற துறவியைக் குருவாகக் கொண்டவர். 1890 வாக்கில் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானார். ஊருக்கு வெளியே கருணானந்தபுரம் என்ற பெரிய மூலிகைத் தோட்டம் போட்டார். கருணானந்தர் பெயர் தாங்கிய மருந்துகள் இந்தியாவுக்கு வெளியேயும் விலை போயின. பணம் வந்தது, அரசு ராவ் சாகிப் பட்டமும் தந்தது.

பெரும்பாலோர் இந்த இடத்தில் வாழ்க்கையை முடித்துக்கொள்வார்கள். பண்டிதர் இந்த இடத்தில்தான் தொடங்கினார்.

அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்று: ஒரு ஸ்தாயிக்குள் சுருதிகள் எத்தனை? 22 என்பது சாத்திரம்; சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த 22 எந்தெந்த இடம் என்று கேட்டால் வித்துவானுக்கு வித்துவான் வேறு பதில் சொன்னார்கள். மருந்துக்கு எடை சரியாக இல்லாவிட்டால் நோயாளி பிழைக்க மாட்டான் என்று பழகிய மனிதர் அவர். சுரத்துக்கும் அளவு வேண்டாமா என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பென்ன?

அவர் என்ன செய்தார்? உடனே புத்தகம் எழுதவில்லை. 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்ற அமைப்பைத் தஞ்சையில் தொடங்கினார். அதன் பேரில் வித்துவான்களை அழைத்து மாநாடு மேல் மாநாடாகக் கூட்டினார். செலவெல்லாம் அவருடையது. பாடகர், வைணிகர், நாதஸ்வரக்காரர், சாத்திரம் தெரிந்தவர் என்று வந்தவர்கள் முன்னால் தன் கணக்கை வைத்தார். எதிர்க்கச் சொன்னார். எதிர்த்தார்கள். சென்னை மியூசிக் அகாதெமி 1928-இல்தான் தோன்றியது. அதற்கு 16 ஆண்டுகள் முன்பே, பரம்பரைச் சங்கீதக்காரர் அல்லாத ஒரு வைத்தியர் இந்த ஊரில் வித்துவத் சபை நடத்திக்கொண்டிருந்தார்.

அவர் கணக்கு என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடலாம். இசை தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம்; வகுத்தல் தெரிந்தால் போதும்.

தஞ்சாவூர் வீணையின் தண்டில் மெழுகு பரப்பி 24 மெட்டுகள் பதித்திருப்பார்கள். ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு. கம்பியின் நீளம் 32 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சரிபாதியில், 16-ஆவது அங்குலத்தில், மேல் சட்ஜம் பேசும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில், அதாவது 21.33 அங்குலத்தில், பஞ்சமம் பேசும். இதுவரை சண்டை இல்லை. இனி அந்தப் பஞ்சமத்தைச் சட்ஜமாக வைத்து அதற்குப் பஞ்சமம் கண்டுபிடியுங்கள், 14.22 வரும். அது மேல் ஸ்தாயிக்குப் போய்விட்டது, ஆகவே இரட்டித்துக் கீழே கொண்டு வாருங்கள், 28.44. அது ரிஷபம். இப்படியே பஞ்சமத்துக்குப் பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை போனால் பன்னிரண்டு சுரமும் கிடைத்து, கடைசியில் புறப்பட்ட சட்ஜத்துக்கே வந்து சேர வேண்டும். வருகிறதா? 32 அங்குலத்துக்கு வர வேண்டிய கணக்கு 31.57-இல் வந்து நிற்கிறது. அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி விழுகிறது. வட்டம் மூடவில்லை.

உலகம் முழுக்க இசைக் கணக்குப் போட்டவர்கள் எல்லோரையும் அலைக்கழித்த இடைவெளி அது. கிரேக்கத்தில் பிதாகரஸ் வழிவந்தவர்களுக்கும் அது தெரியும், சீனர்களுக்கும் தெரியும். பண்டிதர் சொன்ன தீர்வு: மூன்றில் இரண்டு என்ற பங்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், வட்டத்தைச் சம அளவில் பிரியுங்கள். பன்னிரண்டு இராசி வட்டத்தில் சுரங்களை நிறுத்திப் பாலை என்னும் சுர வரிசைகளைப் பிறப்பிக்கும் முறை சிலப்பதிகாரத்திலும் அதன் பழைய உரைகளிலும் இருக்கிறதே, அந்த வட்டம் மூடுகிற வட்டம்தானே என்று கேட்டார். பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு இரண்டு அலகு, ஆக 24 சுருதி. ஒவ்வொரு சுருதிக்கும் கம்பி ஒரே விகிதத்தில், ஏறத்தாழ 2.85 விழுக்காடு குறைந்துகொண்டே போக வேண்டும்; 24 முறை குறைத்தால் கம்பி சரியாகப் பாதியாகிவிடும். இந்தக் கணக்கில் பஞ்சமம் 21.36 அங்குலத்தில் விழுகிறது. பழைய பஞ்சமம் 21.33. இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த மயிரிழையை வைத்துக்கொண்டு ஒரு வைத்தியர் இந்தியாவின் சங்கீத சாத்திரத்தோடு மல்லுக்கு நின்றார்.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. பண்டிதர் போனார். தனியாகப் போகவில்லை. அவர் குடும்பத்துப் பெண்களான மரகதவல்லியும் கனகவல்லியும் கூடப் போனார்கள். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் பாடியும் வாசித்தும் காட்டினார்கள்.

இந்த மாநாட்டில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. மாநாட்டுக்கு மூளையாக நின்ற பாத்கண்டே, சட்டம் படித்த வக்கீல். அந்நாளில் 22 சுருதிக் கட்சிக்குப் பேர்போன இருவர் தேவலும் கிளெமென்ட்ஸும். தேவல் டெபுடி கலெக்டர், கிளெமென்ட்ஸ் ஐ.சி.எஸ். நீதிபதி. எதிர்க்கட்சி தஞ்சாவூர் வைத்தியர். அதாவது இந்திய இசையின் சுருதி எத்தனை என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த பெரிய வழக்கில் வாதி, பிரதிவாதி, நடுவர் எல்லோருமே வெளியாட்கள்! வித்துவான்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பாடிக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் வேலை. அதைக் குறைவாகச் சொல்லவில்லை. எந்தச் சுருதி எங்கே நிற்கிறது என்று அளந்து பார்க்கும் ஆசை, பிறந்தது முதல் அதிலேயே மூழ்கியிருப்பவனுக்கு அவ்வளவாக வருவதில்லை.

அடுத்த ஆண்டு, 1917-இல், கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூல். அச்சடிக்க வெளியே போகவில்லை. லாலி மின்சார அச்சகம் என்று சொந்த அச்சகமே வைத்திருந்தார். 1919-இல் மறைந்தார். இரண்டாம் பாகம் 1946-இல் மரகதவல்லியின் முயற்சியால் வந்தது.

இப்போது ஒரு கேள்வி. பண்டிதர் சொன்னது சரியா?

24 சம சுருதி என்பதை வித்துவான்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். நம் சங்கீதத்தில் சுரம் மெட்டில் நிற்பதில்லை, கமகத்தில் அசைகிறது. அசைகிற சுரத்துக்குப் புள்ளி வைப்பது எப்படி என்ற ஆட்சேபம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நூலின் முற்பகுதியில் கடல்கொண்ட லெமூரியாக் கண்டத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறார். அது அவர் காலத்தில் மேல்நாட்டு நூல்களிலேயே புழங்கிய கருத்து. பின்னால் கண்டத்தட்டுகளின் நகர்வு தெளிவானபோது அறிவியல் அதைக் கைவிட்டுவிட்டது. இங்கே ஒன்று கவனியுங்கள். சுருதிக் கணக்கில் அவர் வித்துவான்களை உட்கார வைத்து வாதாடினார். அங்கே அவர் எழுத்து இன்றும் நின்று பேசுகிறது, தோற்றாலும் மரியாதையாகத் தோற்கிறது. லெமூரியாவில் அச்சில் வந்ததை எடுத்துக்கொண்டார். உட்கார வைத்து வாதாட ஆள் இல்லை. அந்தப் பகுதிதான் முதலில் உதிர்ந்தது.

அவர் சாதித்தது வேறொன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் ஆய்ச்சியர் குரவையையும் தமிழாசிரியர்கள் இலக்கியமாக விளக்கிவிட்டு, இசைப் பகுதி வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு கடந்து போன காலம் அது. இசைக்காரர்களோ அந்த நூல்பக்கமே போகவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே கிடந்த வரிகளை இசையிலக்கணமாக வாசிக்கலாம் என்று காட்டியவர் பண்டிதர்.

பண்டிதர் திறந்துவிட்ட அந்தக் கதவு வழியாக அடுத்து வந்தவரும் வெளியாள்தான். அவரும் தஞ்சைக்கு வந்துதான் ஆக வேண்டியிருந்தது.

மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் 1892-இல் மயில்வாகனனாகப் பிறந்து, பின்னாளில் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி விபுலாநந்தரானவர். தொழிலால் அறிவியல் ஆசிரியர். யாழ்ப்பாணத்துக் கல்லூரியில் அறிவியல் கற்பித்தார். 1920-இல் லண்டன் பல்கலைக்கழகத்து பி.எஸ்ஸி. பட்டம். நடுவில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வும் எழுதித் தேறினார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக்கியது. விஞ்ஞான வாத்தியார் தமிழ்ப் பேராசிரியர்! இன்றைய படிவத்தில் அவர் எந்தக் கட்டத்தில் எதை எழுதியிருப்பார்?

அவர் கேள்வி இன்னும் கடினம். வீணை கண்முன் இருக்கிறது. பண்டிதரால் அதை அளக்க முடிந்தது. யாழ் எங்கே? பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்த கருவி. பாட்டில் இருக்கிறது, உரையில் இருக்கிறது, மரமாகவும் நரம்பாகவும் எங்குமில்லை. பௌதிகமும் கணிதமும் தெரிந்த கண்ணோடு அவர் பழைய வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார். வில்யாழ், பேரியாழ், சீறியாழ், மகரயாழ், சகோடயாழ் என்று ஒவ்வொன்றின் உருவத்தையும் நரம்புகளின் முறையையும் சுருதியின் கணக்கையும் மீட்டெடுக்க முயன்றார். பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அது. அதில் பிறந்த யாழ்நூலைத் தஞ்சாவூர்க் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், தமிழறிஞர்களும் இசைவாணர்களும் கூடியிருந்த அவையில் அது அரங்கேறியது. அடுத்த மாதம் 19-ஆம் நாள் விபுலாநந்த அடிகள் மறைந்தார்.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தை 1911-இல் தொடங்கியவர்களுள் முன்னின்று பல்லாண்டு அதன் தலைவராக இருந்த உமாமகேசுவரனாரும் வக்கீல் என்பதைச் சொல்லாமல் போனால் இந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இவர்களையெல்லாம் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. நம் வீட்டுப் பெண் வேற்றூரில் வாழ்க்கைப்பட்டுப் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. பிறந்த வீட்டுச் சீர் கூடப் போகிறது. போன இடத்திலோ புகுந்த வீட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. துறை மாறுகிறவர்களுக்கும் இந்த இரண்டும் வேண்டும். பண்டிதர் கொண்டுபோன சீர், அளவு. விபுலாநந்தர் கொண்டுபோனது கணிதம். இரண்டு பேரும் புகுந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் கைகட்டி நின்று கற்றார்கள். சீர் இல்லாமல் போனால் நீங்கள் போனதால் அந்தத் துறைக்கு என்ன லாபம்? பழக்கம் கற்காமல் போனால் உங்களை யார் உள்ளே விடுவார்கள்?

கும்பகோணத்துக்குப் போவோம்.

உ.வே. சாமிநாதையர் கதை எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் சுருக்கமாக. 1880 அக்டோபர் 21-ஆம் நாள் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிறார். முதலியார் அங்கே முன்சீப். ஐயர் படித்த நூல்களின் பட்டியல் திருவாவடுதுறை ஆதீனத்தின் செழிப்பான பட்டியல்: புராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை. முன்சீப்புக்கு அதில் திருப்தி இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் விட்டது என்னவென்றால், அந்தக் கேள்வியைக் கேட்டவர் தமிழ்த் துறைக்காரர் இல்லை, நீதிமன்றத்துக்காரர் என்பது. இன்னொன்று, விடை தேடி ஐயர் போன இடம். மடத்தில் வளர்ந்த சைவர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து சமண சித்தாந்தம் கேட்டார். கல்லூரித் தமிழாசிரியர் மாணவனாகப் போனார். அவர்கள் பரம்பரையாகப் பாராயணம் செய்த நூல் அது. அவர்கள் விளக்கம் சொல்லச் சொல்லப் புரியாத இடங்கள் புரிந்தன. 1887-இல் சீவகசிந்தாமணி அச்சில் வந்தது. 1898-இல் மணிமேகலை வந்தபோது பௌத்தம் தெரிந்தவரைத் தேடிப் போனார். தமிழ் என்ற ஒரே துறைக்குள்ளேயே எத்தனை படி தாண்ட வேண்டியிருந்தது, பாருங்கள்.

அதே கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருப்புறம்பியம். அங்கே 1892-இல் பிறந்தவர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார். கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் கால் நூற்றாண்டு தமிழ் வாத்தியார். நன்னூலும் பாட்டும் நடத்திய மனிதர், விடுமுறை நாள்களில் கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டு வாசித்தார். 1930-இல் முதற் குலோத்துங்க சோழனைப் பற்றி நூல் எழுதினார். 1942-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. பிற்காலச் சோழர் வரலாற்றின் முதல் இரண்டு பகுதிகள் 1949-இலும் 1951-இலும், மூன்றாவது அவர் மறைவுக்குப் பின் 1961-இலும் வந்தன.

அவர் காலத்தில் சோழர் வரலாற்றுக்கு நீலகண்ட சாஸ்திரியாரின் ஆங்கில நூல்தான் பிரமாணம். பேரறிஞர் அவர், மறுக்க யாருக்குத் துணிவு? சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை விவகாரத்தில் உத்தம சோழன்மேல் சாஸ்திரியார் கொண்ட ஐயத்தைப் பள்ளிக்கூடத் தமிழாசிரியர் மறுத்தார். உடையார்குடிக் கல்வெட்டைத் தன் கண்ணால் வாசித்து, தன் காரணங்களை வைத்து மறுத்தார். யார் சொன்னது சரி என்பதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வழக்கு இங்கே தேவையில்லை. பண்டாரத்தார் கையில் என்ன சீர் இருந்தது என்பதுதான் தேவை. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தி என்பது அகவல். அதைப் பாட்டாகப் படித்துப் பொருள் பிரிக்கத் தெரிந்தவனுக்கு, எங்கே புலவன் மிகைப்படுத்துகிறான், எங்கே செய்தி சொல்கிறான் என்பது காதிலேயே தெரியும். உலாவும் பரணியும் அவருக்குப் பாடம். வரலாற்றுக்காரர்களுக்கு அவை சான்றுப் பட்டியலில் ஒரு வரி.

வெளிநாட்டிலிருந்து சீர் கொண்டு வந்தவர்களும் உண்டு. ஜப்பானியரான நொபொரு கராஷிமா, திருச்சிக்குப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டு 1966-இல் ஒரு கட்டுரை எழுதினார். சோழர் காலத்தில் இந்த ஊரில் நிலம் யாரிடம் இருந்தது, அந்த ஊரில் யாரிடம் இருந்தது? பிராமணர்களுக்குத் தரப்பட்ட பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியார் உடைமை தெரிகிறது; அல்லூரில் ஊராரின் கூட்டு உடைமை தெரிகிறது. ராஜாக்களின் பட்டியலாக இருந்த வரலாற்றில், யார் விற்றார், யார் வாங்கினார் என்று எண்ணத் தொடங்கினார் அவர். பிறகு எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணிப்பொறி கொண்டு அடைவாக்கி 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். கணிப்பொறி அறை என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன காலம் அது. சுப்பராயலுவோ 1973-இலேயே சோழ நாட்டின் அரசியல் நிலவியல் பற்றி நூல் எழுதி, கல்வெட்டில் சிதறிக் கிடந்த ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் ஏற்றி நாடுகளின் எல்லையைக் காட்டியிருந்தார். பின்னால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் கற்பித்தவர் அவர்.

நெல்லைப் பற்றிப் பேசாமல் இந்த நாட்டில் ஒரு பேச்சை முடிக்க முடியுமா? கும்பகோணத்தில் 1925-இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், ஊரில் பெயர்பெற்ற மருத்துவரின் மகன். விலங்கியல் படித்தார். வங்கப் பஞ்சத்தின் செய்திகள் வந்த காலம். மருத்துவம் படிக்கும் எண்ணத்தை விட்டுக் கோவையில் வேளாண்மை படிக்கப் போனார். ஐ.பி.எஸ். கிடைத்தும் போகவில்லை. ஹாலந்திலும் கேம்பிரிட்ஜிலும் அவர் ஆராய்ந்தது உருளைக்கிழங்கு. திரும்பி வந்து 1954-இல் கட்டக்கில் சேர்ந்தபோது கையிலெடுத்தது நெல்: ஜப்பானிய ரகத்தையும் இந்திய ரகத்தையும் ஒட்டும் வேலை. பிறகு டெல்லியில் கோதுமை. அந்த நெல் ஒட்டு முயற்சியின் வழியில் 1922-இலிருந்து நடந்துவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களின் நடுவில் வந்ததுதான் ஏடிடி 27. ஜப்பானிய நோரின் 10-ஐ நம் ஜிஇபி 24-ஓடு சேர்த்தது. குறுவைக்கு அது வந்த கதையைச் சொல்லப் பழைய மிராசுதார்கள் சிலராவது இந்தப் பக்கத்தில் இருப்பார்கள்.

தரங்கம்பாடிக்கும் ஒரு நிமிடம். 1776-இல் அங்கே வந்த ராட்லர் பாதிரியார் மதம் பரப்ப வந்தவர். செடி சேர்த்தார். அவர் உலர்த்தி ஒட்டிய செடிகள் லண்டன் கியூ தோட்டம்வரை போயிருக்கின்றன. வயதான காலத்தில் தமிழ் அகராதி தொகுத்தார். 1834-இல் அச்சேறத் தொடங்கியது, 1836-இல் அவர் மறைந்தார், மற்றவர்கள் 1841-இல் முடித்தார்கள். அவருடைய சக பாதிரியாரான ஜான் கடற்கரையில் மீன் சேகரித்து ஜெர்மனிக்கு அனுப்பினார். நம் மீனவர்கள் கத்தாழை என்று கூவி விற்கிற மீன்களில் ஒரு பேரினத்துக்கு அந்த ஜான் பெயரைத்தான் வைத்தார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு ஒரு மாணவர் எழுந்து கேட்கலாம்: ஐயா, பண்டிதருக்குத் தோட்டம் இருந்தது, அச்சகம் இருந்தது. எனக்குக் கைடு கிடைக்கவில்லையே?

சரியான கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட பிஎச்.டி. விதிகள் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் இடம் விட்டிருக்கின்றன. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் பதியலாம். வேலை தருபவரின் தடையின்மைச் சான்று வேண்டும். வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ இணை நெறியாளர் வைத்துக்கொள்ளலாம். துறை மாறுகிறவருக்கு உயிர்நாடி இந்த இணை நெறியாளர் விதிதான். பொறியியல் படித்த மாணவர் கல்வெட்டு நீர்ப்பாசனத்தை ஆராய வேண்டுமென்றால், நீரியல் தெரிந்தவர் ஒருவர், கல்வெட்டு தெரிந்தவர் ஒருவர் என்று இருவரும் கையெழுத்துப் போடலாம். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் நுழைவுத் தகுதி மாறும் என்பதால் அறிவிக்கையை முழுதும் படியுங்கள். நண்பர் சொன்னார் என்று போகாதீர்கள்.

ஆனால் விதி திறந்துவிடுகிற கதவு வேறு, துறைக்காரர் திறக்கிற கதவு வேறு. பேராசிரியரிடம் போகும்போது ஆசையை மட்டும் கொண்டு போகாதீர்கள். அவருடைய துறையில் ஏதாவது ஒரு சின்ன வேலையைச் செய்து முடித்துக் கொண்டு போங்கள். ஒரு கல்வெட்டைப் படியெடுத்து வாசித்துப் பாருங்கள். அரசுத் தொல்லியல் துறையும் பல்கலைக்கழகங்களும் கல்வெட்டுப் பயிற்சி தருகின்றன. ஓலைச்சுவடி என்றால் ஒரு கட்டை அவிழ்த்துப் பத்து ஏடு எழுத்துப் பெயர்த்துக் கொண்டு போங்கள். தப்பு இருக்கட்டும். தப்பைத் திருத்துகிற போதே ஆசிரியர் உங்களை மாணவராக ஏற்றுக்கொண்டுவிடுவார். ஆசிரியர்களின் பலவீனம் அது.

இன்னும் செய்யாத வேலை இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லி அமர்கிறேன்.

பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. அதில் நிலக் கணக்கு ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை போகிறது. மேடைதோறும் நம் முன்னோரின் துல்லியத்துக்கு இதை எடுத்துக்காட்டுகிறோம், கைதட்டல் வாங்குகிறோம். இன்றைய வேலி 6.67 ஏக்கர் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். அந்தப் பங்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பாதி. நெல்மணி ஒன்று அதில் நிற்காது. எந்தக் கோலால் இதை அளப்பது? நில அளவையர் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்: இது கோல் பிடித்து வந்ததில்லை, பெருக்கி வகுத்து ஏட்டில் பிறந்தது. அப்படியானால் எதை எதனால் பெருக்கினார்கள்? முந்திரி என்றால் 320-இல் ஒன்று. கீழ் என்று வந்தால் அதை மறுபடி 320-ஆல் வகுக்க வேண்டும். அந்தக் கணக்கனின் வழிமுறையைப் பின்னோக்கிப் போட்டுப் பார்க்கும் வேலை கணிதம் படித்தவருடையது. கல்வெட்டுக்காரர் படித்துத் தந்துவிட்டார்.

இன்னொன்று. டெல்டாக் கல்வெட்டுகளில் ஒரு வயலைச் சொல்ல வேண்டுமானால், இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதிரம் என்று குறிப்பார்கள். வதிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் அரசர், அரசியர் பெயர்கள் இருக்கும். இது குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட ஒரு கட்டப் படம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய படம். நீர்வளத் துறையில் இன்றைய வாய்க்கால்களின் வரைபடம் இருக்கிறது, நில அளவைத் துறையில் புலப்படம் இருக்கிறது, செயற்கைக்கோள் படம் கைப்பேசியிலேயே இருக்கிறது. சில ஊர்களுக்கு ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள். பெரும்பாலான ஊர்கள் தொடப்படாமல் கிடக்கின்றன. சிவில் படித்தவர்கள், விவசாயப் பொறியியல் படித்தவர்கள், சர்வேயர் வேலை பார்க்கிறவர்கள் இந்த அவையில் இருந்தால், உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டின் அச்சுப் பாடத்தையும் உங்கள் ஊர் புலப்படத்தையும் ஒரே மேசையில் விரித்து, முதல் கண்ணாறு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வாய்க்காலின் பழைய பெயர் தெரிய வேண்டுமானால் மடை பார்க்கிற பெரியவரைக் கேளுங்கள்.